கேட்கத் தெரிந்த பிள்ளை



ஆடியில் நாம் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. பெண் பார்க்கப் போவதில்லை, நிலம் கிரயம் செய்வதில்லை, புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. ஆனால் சில ஆண்டுகளாக ஆடியும் ஆவணியும்தான் நம் பக்கத்து வீடுகளில் பெட்டி கட்டுகிற மாதங்கள். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் செப்டம்பர், அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து அங்கே யாரும் நாள் குறிப்பதில்லை. அதனால் கோபியிலும் காங்கேயத்திலும் பொள்ளாச்சியிலும் ஆனி மாதத்திலேயே நல்ல நாள் பார்த்து, ஒரு பையை மட்டும் மாமன் வீட்டில் பரஸ்தானம் வைத்துவிடுகிறார்கள். பிறகு ஆடியில் தைரியமாக விமானம் ஏற்றுகிறார்கள்.

பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, ரசப்பொடி, மூன்று லிட்டர் குக்கர், துண்டில் சுற்றிய ஊறுகாய் டப்பா, இரண்டு ஸ்வெட்டர். பெட்டி 23 கிலோவைத் தாண்டினால் முதலில் புத்தகம் வெளியே வரும், அடுத்து ஸ்வெட்டர் வெளியே வரும். குக்கர் மட்டும் வராது. அதை எடுக்க எந்தத் தாயும் சம்மதிப்பதில்லை.

பணத்துக்கான ஏற்பாட்டையும் நம் வீடுகள் ஒரு தாள் விடாமல் செய்துமுடிக்கின்றன. ஜெர்மனிக்குப் போகிறவர் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை, நம் கணக்கில் ஏறத்தாழ 12 லட்ச ரூபாயை, தனிக் கணக்கில் முன்கூட்டியே கட்டிக் காட்ட வேண்டும். அது மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கைக்கு வரும். நம் ஊர்ச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். இங்கிலாந்து என்றால் விசாவோடு சேர்த்து மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம். தோட்டத்துப் பத்திரத்தை வங்கியில் வைத்து, நகையை அடகு வைத்து, ஜாமீனுக்குச் சித்தப்பாவைக் கூட்டிப்போய், எப்படியோ கட்டிவிடுகிறார்கள். இதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

எந்த நாடு நல்லது, எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும், எந்த வங்கியில் வட்டி குறைவு என்றுதான் எனக்கு வரும் கடிதங்களும் கேட்கின்றன. அதற்கெல்லாம் பதில் சொல்ல காந்திபுரத்திலும் அவிநாசி சாலையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மாதப் பக்கத்தை நான் வேறொன்றுக்கு எடுத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு வயதில் தனியாக ஒரு நாட்டில் போய் இறங்குகிற பிள்ளை, அங்கே மனிதனாக, மனுஷியாக எப்படி வளர்கிறது? அதில் இங்கே இருக்கிற நமக்கு என்ன பங்கு? நம் மண்ணிலிருந்து முன்பு போன சிலரை வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சீனிவாச ராமானுஜனைக் கும்பகோணத்துக்காரர் என்றுதான் உலகம் சொல்கிறது. வளர்ந்தது அங்கேதான். ஆனால் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22 அன்று, தாய்வழிப் பாட்டி வீட்டில். அந்தக் குடும்பம் கும்பிட்ட தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கடல் தாண்டக் கூடாது என்று தாய் கோமளத்தம்மாள் பிடிவாதமாக நின்றார். மகனைத் தடுக்காதே என்று நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்ன பிறகுதான் இறங்கிவந்தார் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி. கேம்பிரிட்ஜ் போவதற்காக 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். அப்போது வயது 26. குடுமியை எடுத்து, கோட்டும் சூட்டும் போட்ட கோலத்தில் பார்த்தால் தாங்கமாட்டார்கள் என்று தாயையும் மனைவி ஜானகியையும் முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்.

டாக்சி எண் 1729 கதையை நம் பிள்ளைகள் எல்லோரும் படித்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது ஒரு போர்வைக் கதை. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ராமானுஜனின் அறைக்குப் போனவர், இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். தாங்கவில்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி அந்த விரிப்பை விலக்கிக் கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும். அது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அத்தனை கம்பளிகளுக்கும் மேலே படுத்து, குளிரில் நடுங்கியிருக்கிறார். எப்படி நுழைவது என்று மஹலனோபிஸ் செய்து காட்டினார்.

யாரையாவது கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. பக்கத்து அறை மாணவனைக் கேட்டிருக்கலாம். படுக்கை விரிக்க வருகிற வேலைக்காரரைக் கேட்டிருக்கலாம். உலகத்தில் ஒருவரும் போடாத கணக்கைப் போட்டவருக்கு அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு மேதையின் வெகுளித்தனம் என்று ரசிக்கத் தோன்றவில்லை. வயிறு பிசைகிறது. ஏனென்றால் அந்தக் கூச்சம் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றும் அப்படியே இருக்கிறது.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். சைவம் தவிர வேறொன்றைத் தொடமாட்டார். டிரினிட்டி கல்லூரியின் பெரிய உணவுக்கூடத்தில் மற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டபோது, இவர் அறையில் தனியாகச் சமைத்துக்கொண்டார். போன சில மாதங்களில், 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. ஊரிலிருந்து வரும் சாமான்கள் வந்தால் உண்டு. ஒருமுறை சாட்டர்ஜி என்ற நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்து, தானே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டாம் முறை ஊற்றினார், குடித்தார்கள். மூன்றாம் முறை கேட்டபோது அந்தப் பெண் போதும் என்றார். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. கீழே போய் விசாரித்தால், டாக்சி பிடித்துப் போய்விட்டார் என்றார்கள். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. தன் கையால் வைத்ததை வேண்டாம் என்றது மனதை அறுத்துவிட்டதாம். போதும் என்ற ஒரு சொல்லுக்கு ஊரைவிட்டே போகிற அளவுக்கு ஒரு மனிதன் தனித்துப் போயிருந்தான் என்பதை அந்த ஐந்து பவுண்டுத் தந்தி சொல்கிறது.

கணக்கில் அவர் வளர்ந்த வளர்ச்சிக்கு எல்லையில்லை. அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டியோடு உட்கார்ந்து, தான் கண்டதை நிரூபித்துக் காட்டும் முறையைக் கற்றார். 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டியின் ஃபெல்லோ. அந்த 1918-ன் தொடக்கத்தில்தான் வாழ்வே வேண்டாம் என்ற நிலைக்குப் போய், தெய்வாதீனமாகக் காப்பாற்றப்பட்டார். இரண்டும் ஒரே ஆண்டில். மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு "எங்க பையன் நல்லா இருக்கானுங்க" என்று சொல்கிற ஒவ்வொரு வீட்டாரும் இந்த ஆண்டை நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டோடும் தொடர்பு அறுந்துகொண்டே வந்தது. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கணவன் மனைவிக்கு இடையே போக வேண்டிய கடிதங்கள் நடுவிலேயே நின்றுபோயின என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒருகட்டத்தில் அவர் வீட்டுக்கு எழுதுவதையே விட்டுவிட்டார். ஹார்டிக்கே இது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1917-லிருந்து ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். பழைய குறிப்புகளை ஆராய்ந்த யங் என்ற மருத்துவர், அது அமீபா கிருமியால் வந்த கல்லீரல் நோயாக இருந்திருக்கலாம், அந்தக் காலத்திலேயே அதற்கு மருந்து இருந்தது என்று 1994-ல் எழுதினார்.

1919-ல் ஊர் திரும்பியவர் காற்று மாறுதலுக்காகச் சில மாதம் தங்கியது நம் கொடுமுடியில், காவிரிக்கரையில். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தார். 32 வயது. அவர் பட்ட துன்பத்தைத் தியாகம் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் விசாரித்திருக்க வேண்டும், வீட்டில் இருந்தவர்கள் கடிதம் போக விட்டிருக்க வேண்டும், அவருக்கும் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். மூன்றும் இல்லாமல் போனது நமக்கு நேர்ந்த நஷ்டம்.

நூறு வருஷம் கழித்து என்ன மாறியிருக்கிறது? விமானம் வந்துவிட்டது, வாட்ஸ்அப் வந்துவிட்டது. லண்டனிலும் பெர்லினிலும் பொன்னி அரிசி கிடைக்கிறது. மாறாதது ஒன்று இருக்கிறது. கொங்கு வீடுகளில் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மிகப் பெரிய பாராட்டு, "நம்ம பையன் யாருகிட்டயும் போய் நிக்க மாட்டானுங்க" என்பது. அந்தப் பெருமையின் அடியில் உழைப்பு இருக்கிறது. கிணறு வெட்டித் தண்ணீர் காணாமல் இன்னொரு கிணறு வெட்டிய வம்சம் நாம். கடனுக்கும் தயவுக்கும் யார் வாசலிலும் நிற்கக்கூடாது என்று நம் தாத்தாக்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அதே பாடத்தோடு அயல்நாட்டில் போய் இறங்கும் பிள்ளை, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்ல முடியாமல் தவிக்கிறது.

நான் சொல்வது பெரிய விஷயங்களை அல்ல. 776 பவுண்டு கட்டியிருக்கிறதே, அந்தப் பணத்துக்கு அங்கே போனதும் குடியிருக்கும் பகுதி டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தால் பார்ப்பதற்குத் தனியாகக் காசில்லை. பதியாமல், அம்மா பெட்டியில் வைத்த காய்ச்சல் மாத்திரையிலேயே ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டால், "யாரைக் கேக்கறதுன்னு தெரியலைங்க" என்கிறார்கள். கம்பளிக்கு மேல் படுத்துக் குளிரில் நடுங்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வகுப்பிலும் இதே கதை. இங்கே சந்தேகம் கேட்கிறவன் படிக்காதவன் என்று நாம் பழக்கிவைத்திருக்கிறோம். அங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வாரத்தில் இன்ன நேரம் என் அறைக்கு வந்து கேட்கலாம் என்று அவரே எழுதி ஒட்டுகிறார். நம் பிள்ளை முதல் பருவம் முழுவதும் அந்தப் பக்கம் போவதில்லை. எல்லாரும் பேசும் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறது. முதல் கட்டுரையில் குறைந்த மதிப்பெண் வருகிறது, அல்லது எடுத்த இடத்தைச் சொல்லாமல் எழுதினாய் என்று எச்சரிக்கை வருகிறது. பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளைக்கு அந்தக் காகிதம் இடிபோல இறங்குகிறது. அன்றைக்கு எழுந்துபோய் அந்த அறைக் கதவைத் தட்டுகிறதே, அந்தத் தட்டலில்தான் வளர்ச்சி தொடங்குகிறது. எனக்குத் தெரிந்த பல பிள்ளைகள், தாங்கள் உண்மையில் படிக்கத் தொடங்கியது அந்த நாளிலிருந்துதான் என்கிறார்கள்.

சமையலறையில் இதைவிட வேகமாக வளர்கிறார்கள். கடுகு தாளித்த புகைக்கு அபாய மணி அடித்து, விடுதி முழுவதும் இரவு பத்து மணிக்குக் குளிரில் வெளியே வந்து நின்ற கதையை அங்கே படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாணலியும் கையுமாக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு நின்ற பெண், அடுத்த வாரம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அரிசியும் பருப்பும் சாதம் வைக்கிறாள். துவரம்பருப்பு, அரிசி, சின்ன வெங்காயத்துக்குப் பதில் அங்கே கிடைக்கும் சிவப்பு வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், கடைசியில் நெய். எல்லாம் அந்த ஒரே குக்கரில். "எத்தனை விசில்மா?" என்று வீடியோவில் கேட்கிறாள். பக்கத்து அறைப் பெண் தட்டோடு வந்து நிற்கிறாள். அந்த அம்மா குக்கரை வெளியே எடுக்கச் சம்மதிக்காதது எவ்வளவு சரி!

அந்தச் சமையலறையில் இன்னொன்றும் நடக்கிறது. ஒரே அடுப்பில் நைஜீரியாவிலிருந்து வந்தவரும் சீனாவிலிருந்து வந்தவரும் நம் தூத்துக்குடிப் பையனும் சமைக்கிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. இங்கே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சுற்றிவளைத்துக் கேட்டுவிடுகிற கேள்வி அது. இரண்டு வருஷம் அந்தக் கேள்வி இல்லாமல் வாழ்ந்த பிள்ளைக்கு, அது எவ்வளவு தேவையற்றது என்று புரிந்துவிடுகிறது. படிப்புக்கு நாம் கொடுத்த அத்தனை லட்சத்துக்கும் இந்த ஒன்று கிடைத்தால்கூடப் போதும் என்பேன். திரும்பிவந்த பிறகு அதை மீண்டும் கற்றுக்கொடுக்காமல் இருப்பது நம் பொறுப்பு.

பகுதிநேர வேலையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் படிப்பு நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் என்று வரம்பு இருக்கிறது. வீட்டுக் கடனை நினைத்து வரம்பை மீறி உழைத்தால் விசாவே போய்விடும். "அவன் சம்பாதிச்சு அனுப்பிருவான்" என்று இங்கே கணக்குப் போட்டுவைக்காதீர்கள். அந்தக் கணக்கு பிள்ளையின் தலையில் பாறாங்கல்லாக உட்காருகிறது.

ஆனால் வரம்புக்குள் செய்கிற வேலை பிள்ளையை வளர்க்கிறது. தோட்டத்தில் பத்துப் பேருக்குக் கூலி கொடுக்கிற வீட்டுப் பையன், ஓர் உணவகத்தின் பின்கட்டில் எட்டு மணி நேரம் நின்று தட்டுக் கழுவுகிறான். ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு, தன்னைவிட இளைய மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்குகிறான். மாதக் கடைசியில் முதல் சம்பளம் வருகிறது. அந்த ராத்திரி அவனுக்குக் கால்வலியோடு ஒரு யோசனையும் வருகிறது: நம் தோட்டத்தில் களையெடுக்கிற அக்காமார் மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? இருபது வருஷம் அவர்களைப் பார்த்தபடியேதான் வளர்ந்தான். கேள்வி இப்போதுதான் வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பார்வதி கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம் ஜமீன். ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அவர் மனைவி ராதாபாய் ஆக்ஸ்போர்டில் படித்தவர், லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். இவர்களுடைய மகள் பார்வதி, 1919-ல் பிறந்தவர், 1930-களின் பிற்பகுதியில் தானும் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனார். அண்ணன் மோகன் அப்போது கேம்பிரிட்ஜில். 1938-ல் அங்கே மாணவர் சங்கத் தலைவராகவே ஆனார். எப்படிப்பட்ட காலம்! ஸ்பெயினில் உள்நாட்டுப் போர், ஜெர்மனியில் ஹிட்லர், இங்கே நம் நாடு அடிமை. இந்திய மாணவர்கள் கூடும் இடமெல்லாம் விவாதம். ஜமீன் வீட்டிலிருந்து போன அண்ணனும் தங்கையும் கம்யூனிஸ்ட்டுகளாக ஊர் திரும்பினார்கள். அங்கே பழகிய தோழர் என்.கே. கிருஷ்ணனை 1942-ல் பார்வதி மணந்துகொண்டார்.

அடுத்து அவர் போய் நின்ற இடங்களைப் பாருங்கள். கோவையின் பஞ்சாலை வாசல்கள், மலையேறினால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள். பல்லக்கில் போகக்கூடிய வீட்டுப் பெண், கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் தொழிலாளிகளோடு தெருவில் நின்றார். 1954-ல் மாநிலங்களவைக்குப் போனார். 1957-ல் கோவை அவரை மக்களவைக்கு அனுப்பியது. 1973 மே மாதம் டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் அண்ணன் மோகன் குமாரமங்கலம் இறந்தார். அதே விமானத்தில் வந்த கோவை எம்.பி. பாலதண்டாயுதமும் இறந்தார். அதனால் காலியான கோவைத் தொகுதியில் 1974-ல் இடைத்தேர்தல். பார்வதிதான் நின்று வென்றார். அண்ணனையும் தோழரையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு அந்தத் தேர்தலுக்கு அவர் ஓட்டுக் கேட்டு வீதி வீதியாக நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். 1977-ல் மறுபடியும் வென்றார். 2014 பிப்ரவரியில், 94 வயதில், கோவையிலேயே காலமானார்.

அவர் கட்சியை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். நான் பார்ப்பது அந்த வீட்டை. சுதந்திரம் வந்த சமயத்தில் தகப்பனார் காங்கிரஸ் அமைச்சர். மகனும் மகளும் கம்யூனிஸ்ட் கட்சியில். இன்னொரு மகன் ராணுவத்தில் இருந்து, 1966-ல் தரைப்படைத் தளபதியே ஆனார். படிக்க அனுப்பிய பிள்ளைகள் தாங்கள் நினைத்த மாதிரி திரும்பவில்லையே என்று அந்தத் தாய் தகப்பன் வீட்டுக் கதவைச் சாத்தியிருந்தால், கோவைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு தலைவி கிடைத்திருக்கமாட்டார்.

எல்லோரும் அரசியலுக்கு வரவேண்டும் என்று சொல்லவில்லை. பீளமேட்டில் 1951-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன், இங்கிலாந்தில் பொறியியல் படித்துவிட்டு வந்தவர். ஆங்கிலத்தில் படித்துத் திரும்பிய அந்த மனிதர், அறிவியலைத் தமிழில் சொல்வதற்கென்றே கலைக்கதிர் என்ற பத்திரிகையை நடத்தினார். பத்திரிகைக்காரன் என்ற முறையில் அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன். போன இடத்தில் ஒவ்வொருவரும் வேறு வேறு ஆளாகிறார்கள். எந்த ஆளாக வேண்டும் என்று இங்கிருந்து நாம் எழுதிக் கொடுத்தனுப்ப முடியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நமக்கு இரவு பத்து மணி என்றால், குளிர்காலத்தில் இங்கிலாந்தில் மாலை நாலரை. டிசம்பரில் அந்த நேரத்துக்கு அங்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் உட்கார்ந்துதான் பிள்ளை உங்கள் போனை எடுக்கிறது. "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்கிறீர்கள். "சாப்ட்டேன்மா." "படிப்பு எப்படி?" "நல்லா போகுதுப்பா." இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியதை நீங்கள் சொல்வதில்லை. மூன்று நாளாக ரொட்டி மட்டும் தின்றதை அவன் சொல்வதில்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பொய் சொல்கிறோம். முதலில் நாம் உண்மையைச் சொல்லத் தொடங்குவோம். "இந்த வாரம் மழை இல்லை, போர் தண்ணி கீழ போயிருச்சு, மனசு சரியில்லை" என்று நீங்கள் சொன்னால், அடுத்த நிமிடம் அவனும் சொல்வான். சொன்னதும் பதறி அழாதீர்கள். "அதுக்குத்தான் போக வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேன்" என்றும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பிள்ளை எதையும் சொல்லாது.

போகிற தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன். இறங்கிய முதல் வாரமே டாக்டரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். மனம் தாங்காதபோது பேசுவதற்கு அங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியிலும் மாணவர் நலச் சேவை மையங்கள் இதைச் செய்கின்றன. போய் உட்கார்ந்து பேசுங்கள், அது நீங்கள் கட்டிய கட்டணத்துக்குள் உங்களுக்கு உரியது. இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைப் போனில் வைத்திருங்கள். இங்கே வீட்டில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் விடுதியில் புதிதாக யாராவது வந்திருந்தால், மஹலனோபிஸ் கேட்டது போல, ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெளிநாட்டில் படிக்கிற, படித்துத் திரும்பிய நம் பகுதி வாசகர்கள் எங்களுக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த நாடு நல்லது என்பதை எழுத வேண்டாம். போன முதல் வருஷம் உங்களுக்கு எது தெரியவில்லை, அதை யாரிடம் கேட்டீர்கள், கேட்க எத்தனை நாளானது, அதை மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலே வெளியிடுகிறோம். அடுத்த ஆடியில் பெட்டி கட்டப்போகிற பிள்ளைகள் படிப்பதற்காக, வருகிற கடிதங்களைத் தொடர்ந்து வெளியிட இரண்டு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்